பெருநாள் தோலும் வல்லரசுகளின் மேசையும்

ஹஜ்ஜுப் பெருநாளன்று அஸர் தொழுகைக்குப் பின் எம் மதரஸாவின் பின்கட்டில் குர்பானித் தோல்கள் வந்து சேரத் தொடங்கும். ஆத்தூரின் தெருக்களிலிருந்தும் செம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் சைக்கிளிலும் ஆட்டோவிலும் வரும் தோல்களை மாணவர்கள் எண்ணுவார்கள். பெரியவர்கள் விரித்து உப்பிடுவார்கள். உப்பு தாமதமானால் மறுநாள் மயிர் உதிர்ந்து தோல் கெட்டுவிடும் என்பது எம் ஊரில் சிறுவனுக்கும் தெரியும். குர்பானி கொடுத்தவர் அத்தோலை விற்றுத் தாம் உண்ணலாகாது. அறுத்தவருக்குக் கூலியாகவும் கொடுக்கலாகாது. அலீ (ரலி) அவர்களிடம் ஒட்டகங்களின் பொறுப்பை ஒப்படைத்தபோது, இறைச்சியையும் தோலையும் தர்மம் செய்துவிட்டு, அறுப்பவரின் கூலியைத் தனியே கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். அந்த வழியில்தான் தோல் மதரஸாவுக்கு வருகிறது. அதன் விலை ஏழை மாணவர்களின் சோற்றுக்குச் செல்கிறது.

முன்பெல்லாம் தோல் வியாபாரி பெருநாளுக்கு ஒரு வாரம் முந்தியே வந்து, தேநீர் அருந்தி, முன்பணம் தந்துவிட்டுப் போவார். இப்போது நாம்தான் அவரைத் தேடுகிறோம். சென்ற பெருநாளில் அவர் சொன்ன விலை உப்புக்கும் வண்டி வாடகைக்கும் சரியாகப் போயிற்று. வருத்தம் அவருக்கும் இருந்தது. "ஹஜ்ரத், விலையை நானா வைக்கிறேன்? வெளியூர்க்காரன் வைக்கிறான்" என்றார்.

அந்த வெளியூர்க்காரன் யார் என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. திண்டுக்கல், சென்னைப் பெரியமேடு, லண்டன் என்று நூல் பிடித்துச் சென்றால், நூறாண்டுகளாக வல்லரசுகள் தமக்குள் செய்துகொண்ட பொருளாதார உடன்படிக்கைகளிலும், செய்யத் தவறிய உடன்படிக்கைகளிலும் போய் நிற்க நேர்கிறது. இன்று செய்தித்தாளில் ஜி20 என்றும் சுங்கவரிப் போர் என்றும் படிக்கும்போது நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஓர் ஆட்டுத்தோலை உடன் வைத்துக்கொண்டு படித்தால் அப்படித் திருப்ப இயலாது.

ஹைதர் அலீ 1755இல் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக வந்தார். அவருடைய தங்கை அமீருன்னிஸா பேகம் அடங்கியிருக்கும் இடமே பேகம்பூர். அந்தப் பேகம்பூரும் அதன் சுற்றுப்புறமும் பிற்காலத்தில் தோல்ஷாப்புகளுக்குப் பெயர் பெற்றன. காரணம் எளிது. கரட்டுக்காடுகளில் ஆவாரஞ்செடி தானாகவே வளர்ந்தது. ஆடு மேயும் நிலம் இருந்தது. வணிகம் தெரிந்த ராவுத்தர் குடும்பங்கள் இருந்தன. பச்சைத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் கிடத்தி, கடுக்காய் நீரில் முடித்தெடுத்தால் வெளிர் நிறத்தில் மென்மையான தோல் கிடைக்கும். பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வாட்டில் பட்டை பிடித்துக்கொண்டது. இவ்வாறு பதனிட்ட தோல் சென்னை சென்று, கப்பலேறி, லண்டனில் ஏலம் விடப்பட்டது. ஆக, திண்டுக்கல்லில் ஒருவர் தம் குழியில் எத்தனை தோல் இறக்குவது என்பதை லண்டன் ஏலக்காரரின் சுத்தியல் தீர்மானித்த காலம் மிகப் பழையது.

பதனிடாத பச்சைத்தோலின் பாதை வேறு. முதல் உலகப்போருக்கு முன் இந்திய மாட்டுத்தோலைப் பெருமளவில் வாங்கியவர்கள் ஜெர்மானியர். ஆட்டுத்தோலை வாங்கியவர்கள் அமெரிக்கர். பிலடெல்பியா நகரத்துத் தொழிற்சாலைகள் இந்திய ஆட்டுத்தோலைக் குரோம் முறையில் பதனிட்டுப் பளபளப்பான காலணித் தோலாக்கின. போர் வந்ததும் ஜெர்மனிக்கான வழி அடைபட்டது. பிரிட்டிஷ் படையினரின் பூட்சுகளுக்காகச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோல் முழுவதையும் அரசே வாங்கத் தொடங்கியது.

போர் முடிந்ததும் 1919 செப்டம்பரில் இந்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி விதித்தது. ஆனால் பிரிட்டிஷ் பேரரசின் எல்லைக்குள் சென்று பதனாகும் தோலுக்கு அவ்வரியில் மூன்றில் இரண்டு பங்கு திருப்பித் தரப்படும் என்றது. உள்ளூர்ப் பதனிடுவோருக்குப் பச்சைத்தோல் மலிவாகக் கிடைக்குமென்று மகிழ்ந்தவர்களும் இருந்தார்கள். ஆயினும் ஜெர்மனி மீண்டும் தலையெடுக்காதவாறு தோல் தொழிலைப் பேரரசுக்குள் நிறுத்துவதே அதன் கருத்து. வாங்குவோரில் முதலிடத்தில் இருந்த அமெரிக்காவுக்குக் கதவு பாதி சாத்தப்பட்டதால் ஆடு வளர்த்தவனுக்கு விலை குறையும் என்பது கணக்கில் வரவில்லை. இந்திய நிதிக்குழு அதனைக் குறை கூறியது. 1923இல் வரி 5 சதவீதமாகக் குறைந்து, பேரரசுச் சலுகையும் நீங்கிற்று.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லி மேலே செல்வோம். பதிலுக்குப் பதில் வரி என்பது நம் நூல்களுக்குப் புதிதன்று. முஸ்லிம் வணிகர்கள் பிறநாடு செல்லும்போது பத்தில் ஒரு பங்கு வரி வாங்குகிறார்கள் என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) எழுதியபோது, அவர்கள் நம்மவரிடம் வாங்குவதையே நீங்களும் அவர்களிடம் வாங்குங்கள் என்று கலீஃபா உமர் (ரலி) பதில் அனுப்பினார்கள். அபூ யூசுஃப் அவர்களின் கிதாபுல் கராஜில் இதனைப் படிக்கிறோம். எதுவும் வாங்காத நாட்டாரிடம் நாமும் எதுவும் வாங்கலாகாது என்பது நம் ஹனஃபீ மத்ஹபின் நிலை. இவ்வளவோடு நிறுத்துபவர்கள் பலர். ஆனால் அதே உமர் (ரலி) அவர்கள், மதீனாவுக்குக் கோதுமையும் எண்ணெயும் தாராளமாக வரவேண்டுமென்பதற்காக அவ்விரண்டின் மீதும் வரியைப் பாதியாக்கினார்கள் என்று இமாம் மாலிக் அவர்களின் முவத்தா கூறுகிறது. எதிரே நிற்கும் அரசனைப் பார்த்த அதே கண், சந்தையில் கோதுமை வாங்கும் ஏழையையும் பார்த்தது. பாடத்தில் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம்.

இனி 1930க்கு வருவோம். அவ்வாண்டு ஜூன் 17 அன்று அமெரிக்க அதிபர் ஹூவர் ஒரு சுங்கவரிச் சட்டத்தில் கையொப்பமிட்டார். வேண்டாம் என்று 1,028 பொருளியலாளர்கள் எழுதிக் கேட்டிருந்தும் அவர் செவிசாய்க்கவில்லை. பிற நாடுகள் வரிசையாகத் தம் வேலிகளை உயர்த்தின. 1929க்கும் 1933க்கும் இடையில் உலக வணிகத்தின் மதிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. வரி ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. வங்கிகள் சரிந்தன, நாணயங்கள் நிலைகுலைந்தன. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. நம் ரூபாயைக் கேட்பாரின்றிப் பவுனோடு கட்டிவைத்தார்கள். இந்திய விளைபொருள்களின் விலை பாதி அளவுக்கு இறங்கியதால் கடனும் கிஸ்தியும் கட்ட வழியற்ற குடியானவர்கள் வீட்டுப் பெண்களின் நகைகளை விற்றார்கள்; அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போயிற்று.

அடுத்த ஆண்டு, 1932 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் பேரரசு நாடுகள் கூடின. உலகத்தோடு ஒத்துப்போக முடியாதபோது உறவினரோடு மட்டும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது என்பதே அங்கே எடுத்த முடிவு. இந்தியாவிலிருந்து சென்ற குழுவில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் கராச்சி ஹாஜி அப்துல்லாஹ் ஹாரூனும் இருந்தார்கள். அவ்வொப்பந்தத்தால் இந்தியாவின் பதனிட்ட தோலுக்குப் பிரிட்டனில் சலுகை கிடைத்தது. பேகம்பூரில் சிலர் அதனால் மூச்சுவிட்டிருப்பார்கள். ஆனால் அதற்கு ஈடாக பிரிட்டிஷ் சரக்குகளுக்கு நாம் சலுகை கொடுக்க வேண்டியிருந்தது. நம் விலைவாசியும் ஒரே வாங்குபவனின் மனநிலையில் தொங்கிற்று. 1934 தேர்தலில் செட்டியார் தோற்றார். ஒட்டாவாவை ஆதரித்தமை அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. 1936இல் மத்திய சட்டமன்றமே அவ்வொப்பந்தத்தை முடித்துக்கொள்ளச் சொல்லிற்று.

இடையில் 1933 ஜூனில் 66 நாடுகள் லண்டனில் ஒரு பெரும் பொருளாதார மாநாட்டுக்குக் கூடின. நாணயங்களை நிலைப்படுத்தி வரிகளைக் குறைப்பதே நோக்கம். ஜூலைத் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், நாணய நிலைப்பாட்டுக்குத் தம் நாடு கட்டுப்படாது என்று ஒரு செய்தி அனுப்பினார். மாநாடு அத்துடன் முடிந்ததைப் போலத்தான். கலைவதற்கு மட்டும் இன்னும் சில வாரங்கள் ஆயின. வல்லவர் ஒருவர் எழுந்துவிட்டால் ஒரு மேசை எவ்வளவு விரைவில் வெறும் மரமாகிவிடுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை.

அதன்பின் போர். போர் முடிவதற்கு முன்னரே, 1944 ஜூலை 1 முதல் 22 வரை, அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் என்னும் மலையூரில் 44 நாடுகள் கூடிப் பன்னாட்டு நிதியத்தையும் உலக வங்கியையும் வரைந்தன. இம்மாநாட்டைப் பற்றி எழுதுவோர் பிரிட்டனின் கெய்ன்ஸையும் அமெரிக்காவின் வொயிட்டையும் பற்றியே பக்கங்களை நிரப்புவார்கள். எமக்கு அங்கே சென்ற இந்தியர்களே முக்கியம். அரசுத் தரப்பில் ஜெர்மி ரெய்ஸ்மன் தலைமை தாங்கினார், சி.டி. தேஷ்முக், பம்பாய் ஏ.டி. ஷ்ராஃப் ஆகியோருடன் ஒட்டாவா சென்ற அதே சண்முகம் செட்டியாரும் இருந்தார். நாடு இன்னும் அடிமை நாடு. ஆனால் அவர்கள் கையில் ஒரு கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கு இது. போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து தானியம், துணி, தோல், பூட்ஸ், படையினரின் உழைப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அதற்கான பணத்தை லண்டனில் இந்தியாவின் பெயரில் வரவு எழுதி வைத்தது. இங்கே அதற்கு ஈடாக ரூபாய் நோட்டுகள் அச்சாயின, விலை ஏறிற்று, 1943இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தார்கள். போர் முடிந்தபோது லண்டனில் நம் பெயரில் இருந்த வரவு ஏறத்தாழ 130 கோடி பவுன். செருப்பில்லாமல் நடந்த மக்கள், உலகின் பெரும் பேரரசுக்குக் கடன் கொடுத்தவர்களாக நின்றார்கள். அப்பணத்தில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றிக்கொள்ளப் புதிய நிதியத்தின் வழியாக ஏற்பாடு வேண்டுமென்று இந்தியக் குழு கேட்டது. வங்கியில் பத்து இலட்சம் டாலர் வைத்திருந்தும் வாடகைக் காருக்குக் கொடுக்கக் கையில் காசில்லாதவனின் நிலை எங்களுடையது என்னும் பொருளில் ஷ்ராஃப் பேசினார். பிரிட்டன் அதனை இருவருக்கிடையிலான பேச்சாக்கிக் கொள்வோம் என்று சொல்லிவிட்டது. பிறநாடுகள் தலையிடவில்லை.

இந்த இடத்தில் ஸீரா பாடத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் இருக்க இயலாது. யமனின் ஸபீத் குலத்து வணிகர் ஒருவர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்தார். அல்ஆஸ் இப்னு வாயில் என்னும் குறைஷித் தலைவர் சரக்கை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்க மறுத்தார். வெளியூர்க்காரருக்கு அங்கே குலமில்லை, கேட்பாரில்லை. அவர் அபூ குபைஸ் குன்றின் மேல் ஏறி நின்று முறையிட்டார். அதைக் கேட்ட சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதி செய்தவன் தம்மவனே ஆயினும், அநீதிக்குள்ளானவனின் உரிமை மீளும்வரை அவன் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்பது அதன் பெயர். இளைஞராக இருந்த நாயகம் (ஸல்) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். நபித்துவத்துக்குப் பின்னும் அப்படியோர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் செல்வேன் என்று சொன்னார்கள். செய்தவர்கள் அப்போது முஸ்லிம்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். குறைஷியருக்கு வேறு வணிக உடன்படிக்கைகளும் இருந்தன. குளிர்காலப் பயணமும் கோடைகாலப் பயணமும் அவற்றால்தான் நடந்தன. அவை வல்லவர்களுக்கு இடையில் வழி திறந்தவை. இதுவோ அந்த வீட்டுக்குள் இடமில்லாத ஒருவருக்காகச் செய்தது.

பிரெட்டன் வுட்ஸில் வழி திறக்கப்பட்டது. இப்னு ஜுத்ஆன் வீடு கட்டப்படவில்லை. நம் வரவு 1947 ஆகஸ்டில் செய்த ஒப்பந்தத்திலிருந்து தவணை தவணையாகத்தான் வந்தது. இடையில் 1949 செப்டம்பரில் பவுன் டாலருக்கு எதிராக 30 சதவீதம் மதிப்பிழந்தது. விடுதலை இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26 அன்று படைத்தவரும் அதே சண்முகம் செட்டியார்தான்.

ஆயினும் நியாயமாகப் பேச வேண்டும். அந்த ஏற்பாடும், 1947 அக்டோபர் 30 அன்று இந்தியா உட்பட 23 நாடுகள் கையொப்பமிட்ட வணிக ஒப்பந்தமும் இல்லாதிருந்தால் 1930கள் மீண்டும் வந்திருக்கக்கூடும். வரிகள் படிப்படியாகக் குறைந்தன. 1968இல் புதுதில்லியில் நடந்த ஐ.நா. வணிக வளர்ச்சி மாநாட்டில், ஏழை நாடுகளின் சரக்குகளுக்கு வரிச்சலுகை தருவது என்ற கொள்கையைப் பணக்கார நாடுகள் ஏற்றன. 1973இல் நம் அரசு அரைப்பதனத் தோல் ஏற்றுமதிக்கு உச்சவரம்பு விதித்து, தோலைக் காலணியாகவும் பையாகவும் முடித்து அனுப்புமாறு திருப்பிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வளர்ந்தன. ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டைப் பதனத்தையே நம்பியிருந்த திண்டுக்கல் பின்தங்கியது.

அதற்கு அடுத்த பகுதியை எழுதுவது எமக்கு எளிதாக இல்லை. தோல் தொழிலின் அழுக்கான பகுதி, அதாவது ஊறவைத்தல், சுண்ணாம்பிடல், பதனிடல் ஆகியவை, பணக்கார நாடுகளிலிருந்து நம் பக்கம் நகர்ந்தன. அழகான பகுதி அங்கே தங்கிற்று. 1989இல் ஜெர்மனி, தோல் கெடாமலிருக்கப் பயன்படும் ஒரு நச்சு வேதிப்பொருளைத் தடை செய்தது. சில ஆண்டுகளில் சில சாயங்களையும் தடுத்தது. அந்தக் காலணியை அணியும் பாதத்துக்குப் பாதுகாப்பு, நல்லதே. தமிழகத் தோல்ஷாப்புகள் அலறிப்புடைத்து அப்பொருள்களை மாற்றின. ஆனால் ரெட்டியார்சத்திரத்துக் கிணற்று நீரைப் பற்றி எந்த நாட்டின் சட்டத்திலும் எந்த மாநாட்டிலும் ஒரு வரி இருக்கவில்லை. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 சிற்றூர்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று தெரிந்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் இந்த எண்கள் உள்ளன. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, கேடு செய்தவரே ஈடு தரவேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்து, திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல்ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

தோல்ஷாப் உரிமையாளர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். அண்டை வீட்டார் உரிமையைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் பேசிய நாமும் நம் முன்னோரும், உப்பேறிய கிணற்றிலிருந்து குடிநீர் இன்றிக் குடத்தோடு நடந்த பெண்களைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை. சுண்ணாம்புக் குழியில் வெறுங்காலுடன் இறங்கிய தொழிலாளரைப் பற்றியும் பேசவில்லை. லண்டன் ஏலத்தில் நாம் மேசைக்கு வெளியே நின்றவர்கள். ரெட்டியார்சத்திரத்தில் மேசையில் அமர்ந்தவர்கள் நாம். வெளியே நின்றவர் வேறொருவர்.

பொது உலகுக்குத் திரும்புவோம். 1997இல் ஆசிய நாடுகளில் நாணயச் சரிவு ஏற்பட்டபின், 1999இல் நிதியமைச்சர்களின் கூட்டமாக ஜி20 பிறந்தது. 2008இல் அமெரிக்க வங்கிகள் சரிந்ததும், நவம்பர் 14, 15 தேதிகளில் வாஷிங்டனில் முதன்முறையாக அந்நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். அடுத்த 12 மாதங்களுக்குப் புதிய வணிகத் தடைகளை எழுப்பமாட்டோம் என்று அறிவித்தார்கள். நான்கு மாதங்கள் கழித்து உலக வங்கி கணக்குப் பார்த்தபோது, 20இல் 17 உறுப்பினர்கள் ஏதேனும் ஒரு தடையை ஏற்கெனவே எழுப்பியிருந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத கணக்கு. இருப்பினும் அந்தத் தடைகள் 1930ஐப் போல மலையாக வளரவில்லை. 2009 ஏப்ரலில் லண்டனில் கூடி நிதியத்துக்கும் வணிகக் கடனுக்கும் பெரும் பணம் ஒதுக்கினார்கள். அவ்வாண்டு உலக வணிகத்தின் அளவு ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்தது. ஆனால் மறு ஆண்டே எழுந்துவிட்டது. 1933இல் லண்டனில் செய்ய முடியாததை 2009இல் அதே லண்டனில் செய்தார்கள் என்றால் அது சிறிய செய்தியன்று. அச்சம் பொதுவாக இருந்தது என்பதே அதற்குக் காரணம் என்று கருதுகிறோம்.

அச்சம் தணிந்ததும் மேசை ஆடத் தொடங்கியது. உலக வணிக அமைப்பில் ஏழு பேர் கொண்ட மேல்முறையீட்டு மன்றம் ஒன்று உண்டு. சிறிய நாடு பெரிய நாட்டின் மீது வழக்குத் தொடுத்து வெல்லக்கூடிய இடம். இப்னு ஜுத்ஆன் வீட்டுக்கு ஓரளவேனும் நெருங்கிய இடம் என்று சொன்னால் மிகையாகாது. புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால் 2019 டிசம்பர் 11 முதல் அது வழக்குகளைக் கேட்க இயலாத நிலையில் உள்ளது. கீழ்மன்றத்தில் தோற்றவர் மேல்முறையீடு என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டால் தீர்ப்பு அங்கேயே உறங்கிவிடும். நம் நாடும் இதனைப் பயன்படுத்தாமல் இல்லை. சர்க்கரை மானிய வழக்கில் தீர்ப்பு எதிராக வந்தபோது 2022 ஜனவரியில் நாமும் அந்தக் காலி மன்றத்துக்கே மேல்முறையீடு செய்தோம். பிறர் செய்தால் அநீதி, நாம் செய்தால் சாமர்த்தியம் என்று கொள்ள முடியாது. இதற்கு மாற்றாகச் சில நாடுகள் 2020இல் தமக்குள் ஓர் இடைக்கால மேல்முறையீட்டு ஏற்பாடு செய்துகொண்டன. ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் அதில் உள்ளன, பின்னர் ஜப்பானும் சேர்ந்தது. இந்தியா அப்போது சேராமல் ஒதுங்கி நின்றது. சேர்ந்திருக்க வேண்டும் என்பது எம் கருத்து.

2023 செப்டம்பரில் புதுதில்லி ஜி20 மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு நிரந்தர இடம் கிடைத்தது. அது நல்ல செயல். 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது 50 சதவீத வரி விதித்தது. திருப்பூரின் பனியனும் ஆம்பூரின் காலணியும் அதில் அடங்கும். 2019 ஜூனில் ஏழை நாடுகளுக்கான வரிச்சலுகையை நம்மிடமிருந்து அந்நாடு எடுத்துக்கொண்டதன் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு கையொப்பத்தில் ஏறியது இன்னொரு கையொப்பத்தில் இறங்கலாம், மறுபடி ஏறலாம். அதுவே தொல்லை. காலணி நிறுவனம் ஆறு மாதத்துக்கு முன் தோல் வாங்குகிறது. தோல் மண்டி அதற்கு முன். நாம் பெருநாளன்று உப்பிடுகிறோம். எந்த விலைக்கு எவரும் துணிவார்? அவ்வாண்டு நவம்பர் 22, 23 தேதிகளில் ஜோகன்னஸ்பர்க்கில் ஜி20 கூடியபோது அமெரிக்கா வரவேயில்லை. 1933 லண்டனில் செய்தி அனுப்பினார்கள். இம்முறை நாற்காலியே காலி.

இனி என்ன ஆகும்? எமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். மாநாடுகள் நிற்கமாட்டா; படம் பிடித்துக்கொள்ளத் தலைவர்கள் கூடிக்கொண்டே இருப்பார்கள். உண்மையான கொடுக்கல் வாங்கல் இருவர் இருவராக நடக்கும். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் நம் தோல் பொருள்களுக்கு அங்கே வரி நீங்க வழி செய்கிறது. ஆம்பூர் மகிழ்கிறது, நாமும் மகிழ்கிறோம். 93 ஆண்டுகளுக்கு முன் ஒட்டாவாவிலும் நம் பதனிட்ட தோலுக்குப் பிரிட்டனில் சலுகை கிடைத்தது என்பதை மட்டும் மறக்கவில்லை. இம்முறை நம் சார்பில் கையொப்பமிட்டது நம் அரசு. அந்த வேறுபாடு பெரியது. ஆனால் இருவர் ஒப்பந்தத்தில் மூன்றாமவன் குன்றின் மேல் ஏறிக் கூவினால் யார் கேட்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. வங்கதேசத்துத் தோல் தொழிலாளியும் எத்தியோப்பியாவில் ஆடு மேய்ப்பவனும் அந்த மூன்றாமவர்கள். நடுத்தர நாடுகள் ஒன்றுகூடி வழக்குக் கேட்கும் மன்றத்தை மீட்டால், வல்லவர் வந்தாலும் வராவிட்டாலும் ஏதோ ஒரு முறை எஞ்சும். இந்தியா அதில் முன்னிற்கத் தகுதியுள்ள நாடு. 130 கோடி பவுன் வரவுக்காக நடந்து சலித்த நாடு.

எம் மதரஸா நிர்வாகக் குழு சென்ற மாதம் கூடியது. வரும் பெருநாளுக்கு உப்பு மூட்டைகள் எத்தனை வாங்குவது என்பது பேச்சு. பாதி போதும் என்றார் பொருளாளர். தோலைப் பெற மறுத்தால் மக்கள் அதனை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள், காமராசர் அணைக்கு வரும் ஓடையிலா என்று ஒருவர் கேட்டார். அந்த அணையின் நீரைத்தான் திண்டுக்கல் குடிக்கிறது. முழுத்தொகைக்கும் உப்பு வாங்குவது என்றும், விலை வந்தாலும் வராவிட்டாலும் ஒரு தோலும் திருப்பி அனுப்பப்படாது என்றும், மாணவர் சாப்பாட்டுக்கு ஜமாஅத்தில் தனியே வசூல் செய்வது என்றும் முடிவாயிற்று. வியாபாரிக்கு நாமே தொலைபேசியில் சொல்லிவிட்டோம். பார்ப்போம் ஹஜ்ரத், என்றார்.